மொட்டை மாடியில் ஆத்தா, பின்னால் வானம்: ஏன் ஸ்டிக்கர் ஒட்டினது போலவே இருக்கிறது?

மச்சுவீடு | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். வேலை பேங்கில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெயின்டிங். காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடியில் ஆத்தா கூழ்வத்தல் பிழிந்து காயப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற நேரம், பின்னால் முழுக்க வானம். மனதில் இருந்தது அவ்வளவுதான். இரண்டுக்கு மூன்று அடி கான்வாஸ், ஆயில். ரொம்ப எளிய படம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

நான்கு ஞாயிறு போய்விட்டது. முகம் வந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்ததும் "அப்படியே இருக்காக" என்றார். கண்டாங்கிச் சேலையின் கட்டங்களைக்கூட எண்ணி எண்ணிப் போட்டேன். வானத்துக்குக் கோபால்ட் புளூவும் வெள்ளையும், மேலே அடர்த்தி, கீழே வெளுப்பு. ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால், யாரோ ஆத்தாவைக் கத்தரிக்கோலால் வெட்டி நீலத் தாளில் ஒட்டியது போல இருக்கிறது.

செய்த விதம்: போனில் படம் எடுத்தேன், பிரின்ட் போட்டுக் கட்டம் கட்டிப் பெரிதாக்கினேன். முதலில் வானம் முழுவதையும் அடித்து, அது காய்ந்த பிறகு உருவம். போட்டோவில் பின்னால் தென்னை, செல்போன் டவர், அடுத்த வீட்டு வாட்டர் டேங்க் எல்லாம் இருந்தன, அவற்றை எடுத்துவிட்டுச் சுத்தமான வானமாக்கினேன். முகம் கருப்பாக விழுந்திருந்தது, அதையும் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். படம் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?


கட்அவுட் காலம் | ஞாயிறு, இரவு 9.50

தம்பி, பெரிதாக்கிப் பார்த்தேன். கை சுத்தம், குறை சொல்ல முடியாது. தப்பு நீங்கள் நின்ற இடத்தில்.

போட்டோ எடுக்கும்போது ஆத்தாவுக்கு எதிரே அதே தளத்தில் நின்றுகொண்டுதானே எடுத்தீர்கள்? அப்படி நின்றால் தொடுவானம் உங்கள் கண் மட்டத்துக்கு வரும். ஆத்தாவும் கிட்டத்தட்ட உங்கள் உயரம் என்றால் அது அவர் கண் வழியாகப் போகும். அதாவது கழுத்துக்குக் கீழே பின்னால் இருப்பது பூராவும் ஊர், தலை மட்டும்தான் வானத்தில். நீங்கள் ஊரைத் துடைத்துவிட்டு அந்த இடத்திலும் வானத்தை ஊற்றிவிட்டீர்கள். ஆனால் பாதமும் தரையும் பழையபடியே மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கிறது, தரையில் பதித்த தட்டோடு ஒவ்வொன்றும் விரித்து வைத்தது போலத் தெரிகிறது. தரையை நின்றுகொண்டு பார்க்கிறோம், வானத்தைப் படுத்துக்கொண்டு பார்க்கிறோம். பார்ப்பவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "ஒட்டினது" என்று மட்டும் சொல்லிவிடுவான்.

மாடித் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கண் இரண்டரை அடிக்கு இறங்கிவிடும், தொடுவானமும் ஆத்தாவின் தொடை அளவுக்கு இறங்கிவிடும். கைப்பிடிச் சுவர் மூன்றடி இருந்தால் ஊரை அதுவே மறைத்துவிடும். தென்னை இரண்டு எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். தரை ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கும், ஆத்தா சும்மா நின்றாலே கோபுரம் மாதிரி நிற்பார்.

நான் பேனர் ஆர்டிஸ்டாக இருந்தவன், ஃப்ளெக்ஸ் வந்து வயிற்றில் அடிக்கிற வரைக்கும். 40 அடி கட்அவுட்டுக்கு வானம் வரைகிற வேலையே கிடையாது, நிஜ வானமே பின்னால் இருக்கும். கீழே படுக்கப் போட்டு வரையும்போது கதாநாயகி ஜம்மென்று இருப்பார். சவுக்குக் கட்டையில் தூக்கிக் கட்டினதும் முகம் இருண்டு தட்டையாகிவிடும், ஏனென்றால் பின்னால் இருக்கிற வெளிச்சத்துக்கு முன்னால் நம் பெயின்ட் எம்மாத்திரம். அதனால் கன்னத்தில் அளவுக்கு மீறி ரோஸ், தாடை ஓரத்தில் நீலம், கழுத்து மடிப்பில் வயலட், சில சமயம் பச்சைகூட அடிப்போம். பக்கத்தில் பார்த்தால் ஹோலி விளையாடின முகம் மாதிரி இருக்கும், பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் உருண்டு திரண்டு நிற்கும். கீழிருந்து பார்க்கையில் நெற்றி சுருங்கும் என்பதால் நெற்றியை ஒரு சாண் ஏற்றி வைப்பதும் உண்டு.


இஸ்திரிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.05

கல்யாண போட்டோகிராபர் பேசுகிறேன். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பெண் கருப்பு, பெண்ணுக்கு வைத்தால் வானம் வெள்ளைத் தாள். இப்போதைய போன்கள் இரண்டையும் கலந்து ஒரு சமாதானம் செய்துவிடுகின்றன, அதனால்தான் எல்லார் போட்டோவும் ஒரே மாதிரி இருக்கிறது. நம் கண் அப்படியா பார்க்கிறது? வானத்தைப் பார்க்கும்போது சுருங்கும், முகத்துக்கு வந்ததும் விரியும். அந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தால் போன் செய்த சமாதானத்தைத்தான் வரைவீர்கள். போட்டோவைச் சேலைக் கட்டம் எண்ணுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


பின்கொசுவம் | ஞாயிறு, இரவு 11.20

எனக்கு வேறு சந்தேகம். உங்கள் ஆத்தா தினமும் கண்டாங்கி கட்டிக்கொண்டுதான் வத்தல் போடுகிறாரா? உண்மையைச் சொல்லுங்கள்.


மச்சுவீடு | திங்கள், காலை 6.48

மாட்டிக்கொண்டேன். நைட்டி. தோளில் ஒரு துண்டு. கண்டாங்கி அப்பத்தாவுடையது, பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டச் சொன்னேன். "இதைக் கட்டிக்கிட்டு எவளாச்சும் வத்தல் பிழிவாளா" என்று ஆத்தாவும் அன்றைக்கே கேட்டார்.


பின்கொசுவம் | திங்கள், பகல் 1.35

அப்படியென்றால் முதல் விமர்சனத்தை ஆத்தாவே சொல்லிவிட்டார், நான் இரண்டாவது.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவள் நான், வீட்டில் தறி ஓடிய குடும்பமும்கூட, அதனால் கண்டாங்கியைக் குறைத்துப் பேச மாட்டேன். 2019ல் புவிசார் குறியீடு வந்த பிறகு எல்லாரும் அதைப் போட்டோவுக்காகக் கட்டுகிறார்கள், சந்தோஷம்தான். அந்தச் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் கருப்பும் இந்த ஊர் வெயிலில் வெளுத்துத் தெரியாத நிறங்கள், அதனால் வானத்துக்கு முன்னால் சேலை தானாகவே ஜெயித்துவிடும். உங்கள் படத்தில் நடந்ததும் அதுதான். சேலை நிற்கிறது, ஆத்தா அதற்குள் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கடைசி வரி. "முகம் கருப்பாக விழுந்திருந்தது, வெளிச்சமாக்கினேன்." இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். நடுப்பகல் வானத்துக்கு எதிரே நிற்கும் யாருடைய முகமும் வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரிக்கும் அப்படித்தான், நம் ஆத்தாவுக்கு இன்னும் ஒரு படி கூட. அந்த ஒரு படிதான் உங்கள் படத்தின் உயிர். மாநிறம் என்பது என்ன? பேலட்டில் கலந்து பாருங்கள், அடர்ந்த ஆரஞ்சு. ஆரஞ்சுக்கு நேர் எதிர் நிறம் நீலம். எதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 1839லேயே புத்தகம் போட்டு எழுதிவிட்டார். கருத்த உடம்பும் நீல வானமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பேசிக்கொள்ளும், நாம் நடுவில் போய் பவுடர் பூசாமல் இருந்தால் போதும்.

இலங்கையில் சிகிரியா பாறை ஓவியத்துப் பெண்களைப் பாருங்கள், 5ஆம் நூற்றாண்டு, காசியப்ப மன்னன் காலம். இடுப்புக்குக் கீழே மேகம், மேலே பெண். சிலர் பொன்னிறம், சிலர் நல்ல கருப்பு, கருப்பைக் கருப்பாகவே விட்டிருக்கிறான். ஓவியர் அம்ரிதா ஷேர்கில் 1937ல் தெற்கே வந்து போன பிறகு வரைந்த படங்களிலும் அப்படித்தான், கருத்த உடம்பை அடர்த்தியாகவே, கூச்சமில்லாமல் வைத்திருக்கிறார். நமக்குத்தான் காலண்டர் லட்சுமி கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.


கட்அவுட் காலம் | திங்கள், மாலை 7.10

காலண்டர் லட்சுமியை ஒன்றும் சொல்லாதீர்கள் தங்கச்சி. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சிஷ்யர்களும் போட்ட அந்த ரோஸும் நீலமும் கலந்த மாலை வானம் இல்லாவிட்டால் என் தலைமுறையில் பாதிப் பேருக்கு பிரஷ் பிடிக்கவே தோன்றியிருக்காது. அது தெய்வத்துக்கான வெளிச்சம். தெய்வத்துக்கு நிழல் விழாது, முகம் தானே ஒளிவிடும், அது அந்தக் கலையின் சட்டம். அந்தச் சட்டத்தை வத்தல் போடுகிற மனுஷிக்குப் பொருத்தியதுதான் தம்பி செய்த தப்பு. படத்தின் மேல் பழி போடாதீர்கள்.


பின்கொசுவம் | திங்கள், மாலை 7.31

சரி அண்ணே, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வரிசையாக மாட்டியிருந்த ரவிவர்மா அச்சுப் படங்களைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். 1894ல் அவர் அச்சகம் போட்டதிலிருந்து செட்டிநாட்டு வீடுகளுக்கு அந்தப் படங்கள் வந்து குவிந்தன, சிலதுக்கு எங்கள் ஆயா மாதிரி ஆட்கள் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். ஆற்றங்கரையில் நிற்கிற பெண்ணுக்கும் அதில் வீட்டுக்குள் விழுகிற வெளிச்சம்தான். வானம் பின்னால் இருக்கும், ஆனால் அவள் மேல் ஒரு துளி படாது. நாடகத் திரை மாதிரி. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.


சுண்ணாம்புக் கை | செவ்வாய், காலை 5.55

கொத்து வேலை, பழைய வீடுகளில் சுதை ரிப்பேர் பார்க்கிறவன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம்தான் பெரும்பாலும். ஓவியம் தெரியாது, ஆனால் நீங்கள் பேசுகிற சங்கதியில் எங்கள் முன்னோர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கை வைத்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீட்டு முகப்பின் உச்சியைப் பாருங்கள். கஜலட்சுமி இருப்பாள், இரண்டு பக்கமும் யானை, கிளி, சில வீட்டில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். அந்த லட்சுமிக்குப் பின்னால் சுவர் கிடையாது, வெறும் வானம். தெருவில் நிற்கிறவன் கழுத்தைத் தூக்கித்தான் பார்ப்பான். நேர் நிமிர்ந்து செய்து வைத்தால் கீழிருந்து பார்க்கிறவனுக்குப் பின்னால் சாய்கிற மாதிரி இருக்கும், அதனால் தலையும் தோளும் ஒரு விரல்கடை முன்னால் வரும். கண்ணும் கீழே பார்க்கும். போன வருஷம் ஒரு வீட்டில் உடைந்த கை ஒன்றுக்குச் சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லத் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் புதுக் கை வைத்தேன். கீழே வைத்துப் பார்க்கையில் விரல்கள் தெளிவாக இருந்தன, மேலே ஏற்றி வைத்ததும் ஐந்து விரலும் ஒன்றாகி ஒரு கரண்டி மாதிரி தெரிந்தது. இறக்கி, விரலுக்கு விரல் இடையில் ஆழமாகத் தோண்டி, வானம் ஊடுருவித் தெரிகிற மாதிரி ஓட்டை விட்டேன். அப்புறம்தான் அது கை.

வெட்டவெளிக்கு முன்னால் நிற்கிற உருவத்துக்கு உள்ளே இருக்கிற நகாசு எதுவும் எடுபடாது. ஓரமும் ஓட்டையும்தான். கைக்கும் இடுப்புக்கும் நடுவே எவ்வளவு வெளி, காதுக்கும் தோளுக்கும் நடுவே எவ்வளவு. உங்கள் படத்தில் ஆத்தா இடுப்பில் கை வைத்திருக்கிறார், ஆனால் அந்த முக்கோண இடைவெளியைச் சேலைத் தலைப்பால் மூடிவிட்டீர்கள்.


மச்சுவீடு | செவ்வாய், இரவு 8.40

ஐயா, இதை எந்த யூடியூபிலும் சொல்லித் தரவில்லை. தலைப்பை எடுத்துவிடுகிறேன்.


பின்கொசுவம் | செவ்வாய், இரவு 9.02

ஒரு சின்னச் சேர்க்கை. அந்த முக்கோணத்துக்குள் தெரிகிற வானத்தை வெளி வானத்தின் அதே நிறத்தில் அடித்தால் பல்பு எரிகிற மாதிரி முன்னால் வந்துவிடும். சுற்றிலும் இருட்டு இருப்பதால் கண்ணுக்கு அப்படி. ஒரு சொட்டு அடர்த்தி கூட்டுங்கள், பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மரத்து இலை இடுக்கில் தெரிகிற வானத்துக்கும் இதே கதைதான்.


கடல் தாண்டியவன் | புதன், காலை 7.15

தேவகோட்டைக்காரன், இப்போது வாஷிங்டன் பக்கம். இங்கே நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த "குடை பிடித்த பெண்" இருக்கிறது, 1875. அவர் மனைவி கமிலும் சின்ன மகனும் ஒரு மேட்டில் நிற்கிறார்கள். ஒரு மீட்டர் உயரம் இருக்கும், நம் மச்சுவீட்டுக்காரர் கான்வாஸ் அளவுதான். லீவு கிடைத்தால் போய் அதன் முன்னால் நிற்பேன், ஊரில் பாதிப் பேர் இதற்கு என்னைக் கிறுக்கன் என்பார்கள்.

அதில் வரைபவர் கீழே, பெண் மேலே. பேனர் அண்ணன் சொன்ன சம்மணக் கணக்கு அப்படியே. பையன் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதால் இடுப்புக்கு மேல்தான் தெரிகிறான், அதனாலேயே இடத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. கவுன் வெள்ளை, ஆனால் சூரியன் பின்னால் இருப்பதால் நம்மைப் பார்க்கிற பக்கம் பூராவும் நீலமும் சாம்பலும். குடையின் உள்பக்கம் பச்சை. கீழே இருக்கிற மஞ்சள் பூக்களின் நிறம் ஏறிச் சட்டைக் கையில் பட்டிருக்கிறது, நாலைந்து தீற்றல்தான், அதைப் பார்த்தால் பூவின் சூடே தெரியும். முகத்தின் மேல் மெல்லிய துணி பறக்கிறது, அதுவும் மேகத் தீற்றலும் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. எங்கே துணி முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சில மணி நேரத்தில், ஒரே மூச்சில் வரைந்திருப்பார் என்கிறார்கள், அந்த அவசரம் பிரஷில் இருக்கிறது. நீங்கள் நான்கு ஞாயிறு எடுத்துக்கொண்டதை நினைத்துப் பார்த்தேன், மன்னிக்கவும்.

அப்புறம் 1886ல் அதே மாதிரி இரண்டு படம் வரைந்தார், இப்போது பாரிஸ் ஆர்சே மியூசியத்தில். மாதிரியாக நின்ற பெண் வேறு, கமில் 1879லேயே இறந்துவிட்டார். அதில் முகமே சரியாக வரையவில்லை. மேகத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் முகத்துக்கும். எனக்கு அது கொஞ்சம் வயிற்றைப் பிசையும், ஆனால் வெளிச்சம் அபாரம்.


வெட்டிஆபீசர் | புதன், காலை 10.22

ஏன் எல்லாரும் பெண்ணையே வானத்துக்கு முன்னால் நிற்க வைக்கிறீர்கள்? ஆம்பளை மாடி ஏற மாட்டானா?


பின்கொசுவம் | புதன், பகல் 2.10

கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரிதான். மேட்டில், மேகத்தில், கூரையில், எங்கேயும் பெண்தான். தூக்கி மேலே வைத்துவிட்டால் அப்புறம் அவளிடம் பேச வேண்டாம் பாருங்கள். இத்தாலியில் மாந்துவா அரண்மனை அறை ஒன்றில் மான்தேஞ்ஞா என்ற ஓவியர் 1474ல் முடித்த கூரை ஓவியம் ஒன்று உண்டு. கூரையில் வட்டமாக ஓட்டை இருப்பது போலவும் மேலே வானம் இருப்பது போலவும் வரைந்து, அந்த விளிம்பிலிருந்து சில பெண்கள் கீழே நம்மை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பூந்தொட்டி, விழுந்துவிடும் போல. எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. முற்றத்தில் நின்று அண்ணாந்தால் மாடிக் கைப்பிடிக்கு மேலே ஆச்சிமார் தலை நாலு தெரியும், "யாருடா வந்திருக்கா" என்று. அங்கே பெண் வேடிக்கைப் பொருள் இல்லை, நாம்தான். அதனால் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும்.

(நம்ம ஊர்க்காரன் இன்னும் ஒரு படி மேலே. இங்கிருந்து பக்கம்தானே சித்தன்னவாசல், அங்கே மண்டபக் கூரையில் வானத்தை வரையாமல் தாமரைக் குளத்தை வரைந்து வைத்தான். நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர்.)

வானம் வேண்டும் என்றால் அவருக்கு அங்கே என்ன வேலை என்பதும் படத்தில் இருக்கட்டும். நைட்டி, துண்டு, மாவு காய்ந்த கை. அழகு குறையாது.


இஸ்திரிப்பெட்டி | புதன், பகல் 2.40

பங்குனி மாதக் காரைக்குடி வானம் கோபால்ட் புளூவா? எந்தக் காரைக்குடி அது? ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். வத்தல் காலத்தில் வானம் ஈயம் பூசின பாத்திரம் மாதிரி இருக்கும், கண் கூசும்.


கட்அவுட் காலம் | புதன், இரவு 9.00

தம்பி, ஞாயிற்றுக்கிழமை பிரஷைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப் போட்டு, உட்கார்ந்துகொண்டு வானத்தோடு சேர்த்துப் பாருங்கள். வெயில் படுகிற பக்கம் வானத்தைவிட வெளிச்சம். அந்தப் பக்கம் போய் நிழல் பக்கத்தைப் பாருங்கள், அதே வேட்டி வானத்தைவிட இருட்டு, சாம்பல் நீலம். டைட்டானியம் ஒயிட்டைத் தொடவே முடியாது. வேட்டிக்கே அந்த கதி என்றால் ஆத்தா முகத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கான்வாஸை வெள்ளையாக விடாதீர்கள், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் துடைத்துவிடுங்கள். வானத்தையும் உருவத்தையும் ஒரே நாளில், ஈரத்தோடு ஈரமாக. வானம் அடிக்கிற பிரஷைக் கழுவாமல் அப்படியே ஆத்தாவின் தோளுக்கும் நெற்றிக்கும் கொண்டு போங்கள்.


மச்சுவீடு | ஞாயிறு, இரவு 10.30

இன்றைக்குப் புதுக் கான்வாஸ். மாலை நாலரை மணி. வேட்டிச் சோதனை செய்தேன், அண்ணன் சொன்னது அப்படியே. பத்து வருஷமாகத் துணி வெள்ளை என்றால் வெள்ளை என்றே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், தட்டோட்டுச் சூடு வேட்டியைத் தாண்டி ஏறியது, ஒரு சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டேன். ஆத்தாவுக்குப் போஸ் எதுவும் சொல்லவில்லை. நைட்டி, துண்டு. காக்காய்க்குப் பயம் காட்ட வத்தல் பக்கத்தில் கருப்புக் குடை ஒன்றை விரித்து வைப்போம் அல்லவா, காற்றில் அது உருண்டது, ஆத்தா எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடல் தாண்டிய அண்ணன் நம்ப மாட்டார், நான் ஏற்பாடு செய்யவில்லை.

அரை மணி நேரம் சும்மா பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காததெல்லாம் இருந்தது. நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் எண்ணெய் மினுக்கம் வெள்ளையாக இல்லை, வானத்து நிறம். தாடைக்கு அடியில் தரைத் தட்டோட்டின் சிவப்பு ஏறியிருந்தது, அண்ணன் கட்அவுட்டில் ரோஸ் அடித்தது போல. மேலே நீலம், கீழே செம்மண், நடுவில்தான் ஆத்தாவின் சொந்த நிறம், அதுவும் கொஞ்ச இடம். வெயில் பின்னாலிருந்து வந்ததால் காது மடல் மட்டும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி சிவந்து கிடந்தது. தோடு போட்டுப் போட்டு நீண்ட அந்த ஓட்டை வழியாக ஒரு கீற்று வெளிச்சம். நைட்டியில் பூப் போட்டிருக்கிறது, வெளுத்துப்போன பூ, வானத்துக்கு முன்னால் அது ஒரே சாம்பல் ஊதாவாகிவிட்டது, பூவை எண்ணவே தேவைப்படவில்லை.

இரண்டரை மணி நேரம், பாதி இருட்டில் முடித்தேன். தலைமுடி ஓரத்தில் ஈர வானமும் ஈர முடியும் கலந்து ஒரு இடத்தில் சகதியாகிவிட்டது, விட்டுவிட்டேன். கை அவ்வளவு சரியில்லை, விரல்கள் சுண்ணாம்புக் கை ஐயா சொன்ன கரண்டிதான். முகமும் முன்பிருந்த அளவுக்கு ஆத்தா மாதிரி இல்லை. ஆனால் ஒட்டினது போல இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.


சுண்ணாம்புக் கை | திங்கள், காலை 6.02

நிற்கிறது. குடைக் கம்பிக்கும் கைக்கும் நடுவே வெளி விட்டது நன்று. விரலைத் தோண்டுங்கள்.


பின்கொசுவம் | திங்கள், காலை 9.18

முக நிறத்துக்காகவே இரண்டு தடவை திறந்து பார்த்தேன். அந்தச் சகதியான முடியைத் திருத்திவிடாதீர்கள், அங்கேதான் காற்று அடிக்கிறது. ஒன்று மட்டும் புரியவில்லை, குடையின் நடுவில் ஒரு நீலப் புள்ளி இருக்கிறதே, தெறித்ததா?


மச்சுவீடு | திங்கள், இரவு 8.25

தெறிக்கவில்லை அக்கா, குடையில் ஓட்டை. அது வழியாகத் தெரிகிற வானம். நீங்கள் சொன்னபடி ஒரு சொட்டு அடர்த்தி கூட்டித்தான் வைத்தேன்.

ஆத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தைப் பற்றியோ நைட்டியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "குடை வாங்கிட்டு வாடான்னு மூணு மாசமாச் சொல்றேன், வாங்கித் தர மாட்டேங்கிறே, ஓட்டையை மட்டும் அழகா வரையிறே" என்றார்.


கடல் தாண்டியவன் | செவ்வாய், காலை 6.50

வாங்கிக் கொடுத்தீர்களா, இல்லையா?


மச்சுவீடு | செவ்வாய், இரவு 9.15

நேற்றே வாங்கிவிட்டேன் அண்ணே. அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இன்றைக்கும் ஓட்டைக் குடையைத்தான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.